மலைக்குப் போகும் வண்டியின் பிரேக் ஆயில்

நான் ஷெட்டை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் போன் நிற்கவில்லை. "அண்ணா, பிரேக்குக்கு டாட் மூணு ஊத்தறதா, நாலு ஊத்தறதா? அஞ்சுன்னு ஒன்னு வந்துகீதாமே, நம்பர் பெரிசா இருந்தா நல்லதுதானே?" சித்தூரில் ஷெட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகக் கத்தித் தொண்டை போய்விட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். படிக்கிறவன் படிக்கட்டும்.

முதலில் பதில். என்ன ஊற்ற வேண்டும் என்று பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே அச்சடித்திருக்கிறான். துணியால் துடைத்துவிட்டுப் படி. மூன்று என்று இருந்தால் மூன்று ஊற்று, நான்கு ஊற்றினாலும் பாதகமில்லை. நான்கு என்று இருந்தால் மூன்று ஊற்றாதே. ஐந்து என்பது சிலிக்கான் சரக்கு, நம் வண்டிகளுக்கு ஆகாது, மற்றதோடு சேரவும் சேராது. ஐந்து புள்ளி ஒன்று என்று ஒன்று இருக்கிறது, அது வேறு, பெயரைப் பார்த்து ஏமாறாதே. எதுவானாலும் சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். வேலை முடிந்து மிச்சமிருந்தால் அதை எடுத்து வைக்காதே.

இவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒருவன்தான் எங்கள் ஷெட்டிலிருந்து ஒரு குடும்பத்தை மலைக்கு அனுப்பி வைத்தான்.

என் ஊர் நகரி பக்கம். புத்தூரில் லாரி ஷெட்டில் ஸ்பானர் பிடித்துப் பழகினேன். அடி வாங்கினேன், வேலை வந்தது, அந்தக் கதை யாருக்கும் வேண்டாம். சித்தூரில் பாஷா பாய் ஷெட்டுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. ஷெட் திருப்பதி ரோட்டின் மேலேயே இருந்தது. குப்பம், பலமநேர், பெங்களூர் பக்கத்திலிருந்து மலைக்குப் போகிற டாக்ஸிக்காரர்கள் எங்களிடம் நிறுத்தாமல் போகமாட்டார்கள். "மலைக்குப் போறோம், ஒரு தபா பாத்துடு" என்பார்கள்.

பார்ப்பது என்றால் என்ன? பானெட்டைத் திறந்து எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். சாமியிடம் போகிற வண்டியில் எதுவும் குறையாக இருக்கக் கூடாதாம். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் கூட விளிம்பு வரை நிற்க வேண்டும். பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், இல்லை எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், நிரப்பு, எலுமிச்சம்பழத்தை நசுக்கு, போகலாம். இந்த ரோடு முழுக்க இதுதான் வழக்கம். ஒரு டிரைவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

பாஷா பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டும் அவருடையது, தலைமை மெக்கானிக்கும் அவர்தான். ஒல்லியான ஆள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையைத் துடைப்பார். விரல் விரலாக, நக இடுக்கு வரை துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் ஷெட்டில் ரேடியோவை நிறுத்திவிடுவோம். நான் அப்படியில்லை, வாயைத் திறந்தால் வசவுதான் வரும். "தேசப்பா, உன் வாயிக்கு ஒரு பிரேக் வெக்கணும்டா, எந்த ஆயிலும் தாங்காது" என்பார்.

பிரேக் வேலை என்றால் அவரே கிட்ட நிற்பார். பழைய ஆயிலை ஊசி போடும் சிரிஞ்சால் டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். டப்பாவைத் துணியால் துடைக்க வேண்டும், நூல் ஒட்டக் கூடாது. புதுப் பாட்டிலைக் காதருகே வைத்துத் திருகுவார், சீல் உடையும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு சொட்டை டீ கிளாஸ் தண்ணீரில் விடுவார். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும். எஞ்சினுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஊற்றுகிற மினரல் ஆயிலாக இருந்தால் எண்ணெய்க் கண்ணாக மேலே மிதக்கும். சீல் உடைக்காத பாட்டிலுக்கும் இதைச் செய்வார். "கம்பெனிக்காரன் தப்பு செய்ய மாட்டானா?" என்பார். பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். பின்பக்கம் இடது, பின்பக்கம் வலது, முன்பக்கம் இடது, கடைசியாக டிரைவர் பக்கம். ஒருவன் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவன் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து மூட, குழாயில் குமிழி நிற்கும் வரை அவர் குனிந்தே இருப்பார்.

இவ்வளவு கவனம் ஏன் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு டிரைவர் வந்தார், பெயர் வேண்டாம். மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரை வரை போய்விட்டது என்றார். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக உரசி நிறுத்தியிருக்கிறார். வண்டியைக் கொண்டுவந்தபோது பிரேக் நன்றாக இருந்தது. மிதித்தால் நிற்கிறது. வண்டி முதலாளி டிரைவரைப் பார்த்து, "தூங்கிட்டு வந்து கதை சொல்றியா?" என்றார். பாய் டப்பாவைத் திறந்தார். ஆயில் டிகாஷன் மாதிரி கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். வருடக்கணக்கில் குடித்த ஈரம், பிரேக் சூடேறியதும் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை மிதித்தால் அமுங்கத்தானே செய்யும், சக்கரம் எங்கே நிற்கும்? அரை மணி நேரம் ஆறினால் ஆவி மறுபடியும் தண்ணீராகிவிடும், பெடல் பழையபடி வந்துவிடும். ஒரு தடயமும் இருக்காது. பாய் இதை எவ்வளவோ சொன்னார். அந்த டிரைவருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து எனக்கு அந்த எரிச்சல் வந்ததில்லை.

இனி அந்தக் காரியம். நடந்து ரொம்ப வருடமாகவில்லை.

எங்களோடு சேகர் என்று ஒரு மெக்கானிக். ஐடிஐ படித்தவன், கை சுத்தம், எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் என்று சொல்வான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் வீணாக்க மாட்டான். பாய் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலின் மிச்சத்தையும் ஒரே பாட்டிலில் சேர்த்து அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தான். மட்டம் குறைந்திருக்கிறது என்று வருகிறவர்களுக்கு அதிலிருந்து ஊற்றுவான். நான் இரண்டு தடவை பார்த்துத் திட்டி, கால்வாயில் கொட்டியும் இருக்கிறேன். "தங்கம் மாதிரி சரக்கை கொட்றியேண்ணா" என்று என்னிடமே வருத்தப்பட்டான்.

ஒரு நாள் காலையில் ராமகுப்பத்திலிருந்து ஒரு வெள்ளை நிற ஏழு சீட்டு டாக்ஸி வந்தது. டிரைவர் முனிரத்தினம், எங்களுக்குப் பழக்கம். உள்ளே கிருஷ்ணப்பா என்கிற பட்டுப்புழு வளர்க்கிற விவசாயி, அவர் மனைவி, மகன், மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். சின்னதற்கு முடியிறக்கப் போகிறார்கள். நானும் பாயும் வெளியே வேறு வேலையாகப் போயிருந்தோம். ஆயில் கறுத்திருக்கிறது என்று முனிரத்தினம் சொல்ல, சேகர் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்ச பாட்டிலிலிருந்து விளிம்பு வரை ஊற்றி, ஏர் எடுத்து அனுப்பிவிட்டான். வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறான், பின்பக்கம் இடதிலிருந்து.

நாங்கள் திரும்பியபோது பாட்டில் மேஜையில் மூடி இல்லாமல் நின்றது. பாய் எடுத்து முகர்ந்தார். கிளாஸில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டார். மிதந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் மிதந்தது.

யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலின் மிச்சத்தை அதில் ஊற்றியிருந்தார்கள். இரண்டும் தேன் நிறம்தான். ஊற்றியது யார் என்று இன்றுவரை ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை.

"இது எந்த வண்டிக்குப் போச்சி?" என்று பாய் கேட்டார்.

"முனிரத்தினம் வண்டிக்கு. மலைக்குப் போய்க்கினு கீறாங்க பாய்" என்றான் சேகர். சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரேக்கில் இருக்கிற ரப்பர் கப்புகளுக்கு மினரல் ஆயில் விஷம். ஊறி உப்பிவிடும். உப்பினால் மிதித்த பிரேக் விடாது, உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், சூட்டில் இன்னும் உப்பும். மலை ஏறும்போது யாரும் பிரேக்கை அதிகமாக மிதிப்பதில்லை, ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும். ஆயில் கொதித்தோ கப்பு கிழிந்தோ பெடல் போய்விடும். வளைவுக்கு வளைவு பள்ளம்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டோம். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டபோது சுவிட்ச் ஆஃப். தரிசனத்துக்குப் போகிறவர்கள் போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தானே போக வேண்டும். அவனும் கூடப் போய்விட்டான் போல. குடும்பத்தில் வேறு யார் நம்பரும் எங்களிடம் இல்லை.

பாய் கையைத் துடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே காரில் ஏறி, "தேசப்பா, குந்து" என்றார்.

வழி முழுக்க நான் சேகரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் சித்தூரில் இருந்தான், கேட்டது பாய் மட்டும்தான். சந்திரகிரி தாண்டும்போது, "போதும்டா. வண்டியை எப்டி நிறுத்தறதுன்னு யோசி" என்றார். அதைத்தான் யோசிக்க முடியவில்லை. மேலே ஏறும் ரோடு வேறு, கீழே இறங்கும் ரோடு வேறு. நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தால் எதிரில் கூடப் பார்க்க முடியாது.

அலிபிரியில் சோதனைக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. பாய் காரை ஓரம் கட்டினார். "நீ பஸ்ல ஏறிப் போ. நம்ப கார்ல டூல்ஸ் கீது, எல்லாத்தையும் கொட்டிப் பாப்பான், நேரமாவும். நான் இங்கியே எறங்குற ரோட்டாண்ட நிக்கிறேன்."

"இங்க நின்னு இன்னா பண்ணுவ பாய்? எறங்கி முடிச்சவனைத்தான் பாக்கலாம்."

"தெரியும். எறங்கிட்டான்னு உனுக்குச் சொல்ல ஒரு ஆள் வோணும்ல" என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மா கோவிந்தா சொல்லிக்கொண்டே வந்தார். என்னையும் சொல்லச் சொன்னார். என் போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். அடித்தால் பாயாகத்தான் இருக்கும். அடித்தால் என்ன சொல்லப் போகிறார் என்று நினைத்து நினைத்து, அடிக்கவே கூடாது என்று இருந்தது. பாதி வழியில் சிக்னலும் போய்விட்டது. அது அதைவிட மோசம்.

மேலே போனதும் பார்க்கிங் பார்க்கிங்காகத் தேடவில்லை. வெள்ளை டாக்ஸி எத்தனை நூறு இருக்கும். கீழே இறங்குகிற வண்டிகள் எல்லாம் போய்த்தான் ஆக வேண்டிய கேட் இருக்கிறதே, அங்கே நின்றேன். ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் குனிந்து முகம் பார்த்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்து, "ஏமய்யா, எவரு காவாலி?" என்றார். யாரைத் தேடுகிறேன் என்று சொன்னேன். பிரேக் என்றதும் அவரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தார். அதற்குள் எத்தனை வண்டி போயிருக்கும் என்று கணக்குப் போட மனம் விடவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்தார்கள். முனிரத்தினம் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "இன்னாண்ணா, நீயும் தரிசனமா? லட்டு துன்றியா?" என்றான். பின்சீட்டில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கு. வண்டி போவாது" என்றேன்.

"இன்னாண்ணா சொல்ற, பிரேக் கல்லு மாதிரி கீது. இந்த வண்டி வாங்குனதுலேர்ந்து இப்டி இருந்ததில்ல. சேகருக்கு ஒரு பாக்கெட் லட்டு எடுத்தும் வெச்சிகீறேன்."

பெடல் கல்லு மாதிரி இருக்கக் கூடாது. கப்பு உப்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம். விளக்கினேன். கிருஷ்ணப்பா முன்சீட்டில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பிரேக் புடிக்கலைன்னா சொல்லு, நம்பறேன். நல்லா புடிக்குதுன்னு வண்டிய நிறுத்துறவனை நான் எங்கியும் பாத்ததில்ல" என்றார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

ரோடு அங்கே லேசாகச் சரிந்திருந்தது. "நியூட்ரல்ல போடு. ஹேண்ட் பிரேக்கை எறக்கு. காலை எடு" என்றேன். முனிரத்தினம் எடுத்தான். சரிவில் வண்டி உருளவில்லை. காலே வைக்காமல் அப்படியே நின்றது.

"பாத்தியா, எவ்ளோ சூப்பரா நிக்குது" என்றார் மகன்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. அவன் டிரைவர். இறங்கி முன்சக்கரத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டான். பானெட்டைத் திறந்தேன். டப்பா மூடியைத் திருகினேன். மூடிக்குள் தட்டையாக இருக்க வேண்டிய ரப்பர், அப்பளம் பொரிந்த மாதிரி அலை அலையாக உப்பியிருந்தது. அவனிடம் கொடுத்து, "திருப்பிப் பொருத்து" என்றேன். இப்படியும் அப்படியும் அமுக்கிப் பார்த்தான். உட்காரவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழுந்தது. பிறகு சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

கிருஷ்ணப்பாவுக்கு ரப்பரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு பேருக்கும் எவ்ளோ கமிஷன்? வேற வண்டி புடிச்சிக் குடுப்பியா?" என்றார். நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவரும் சொன்னார். கடைசியில் அவர் குரல் வேறு மாதிரி ஆயிற்று. "ஐயா, நாலாவது தோல் உரிச்சி அஞ்சாறு நாளான புழுய்யா. ரெண்டு நாள்ல கூடு கட்டும். எங்கண்ணன் ஒருத்தர்தான் தழை வெட்டிப் போட்டுக்கினு கீறார், அவரால ஒத்தையா ஆவாது. ராத்திரிக்குள்ள நான் போவலைன்னா மொத்தமும் படுத்துக்கும்."

"படுக்கட்டும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

ராமகுப்பம் வரை வர மேலே எந்த டாக்ஸிக்காரனும் ஒப்புக்கொள்ளவில்லை. கான்ஸ்டபிள் வண்டியை ஓரம் தள்ள ஆள் கூப்பிட்டார். நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகுதான் சக்கரம் விட்டது. எல்லோரும் பஸ்ஸில் இறங்கினோம். கிருஷ்ணப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வளைவுகளில் பஸ் டிரைவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் நான் கம்பியைப் பிடித்தேன்.

அலிபிரியில் பாய் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார். மேலேயிருந்து நான் போட்ட போன் அவருக்குக் கிடைக்கவே இல்லையாம். இறங்குகிற ஒவ்வொரு வெள்ளை வண்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். நான் இறங்கி ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"பசங்க?" என்றார்.

"பஸ்ல கீறாங்க பாய். எல்லாரும். வண்டி மேலயே கீது."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடிக்கவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவ ஆரம்பித்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. பாட்டில் காலியாகும் வரை கழுவினார்.

வண்டியை லாரியில் ஏற்றி இறக்கினோம். ரப்பர் என்று எதுவெல்லாம் உண்டோ அவ்வளவும் மாற்ற வேண்டியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரைச் சேகரையே பிரிக்கச் சொன்னார் பாய். உப்பிய கப்பை ஒரு கையிலும் புதுக் கப்பை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவன் ரொம்ப நேரம் நின்றான். அவனை யாரும் திட்டவில்லை, நான் கூட.

கிருஷ்ணப்பா மறுநாள் காலையில்தான் வீடு போய்ச் சேர்ந்தாராம். புழுவில் பாதிக்கு மேல் போய்விட்டதாம். கேள்விப்பட்டோம். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

போன வருடம் பலமநேரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். பக்கத்தில் இருப்பவர்களிடம் சத்தமாகவே சொன்னார். "இந்தாளுதான். ஒன்னும் ஆவாத வண்டிய நடு ரோட்ல நிறுத்தி என் குடும்பத்தை பஸ்ல ஏத்துனவன். அன்னிக்குப் போன புழு, ரெண்டு வருஷம் என்னால தலை தூக்க முடியலை. பிரேக் ஜோரா புடிச்சிது, வோணும்னா எம் பையனைக் கேளு."

எனக்கு வாய் துடித்தது. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கப்பு, கொதிநிலை எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நடக்காத விபத்துக்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? அவர் சொல்வது அவர் பார்த்தது. பிரேக் பிடித்தது, புழு செத்தது.

அவருடைய மகன் ஆமாம் என்று தலையாட்டினார். மருமகள் சின்னவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியது அப்பளத்தைப் பிடுங்கியது. இரண்டும் அடித்துக்கொண்டன. கிருஷ்ணப்பாவின் மனைவி இரண்டையும் ஒரு தட்டு தட்டிவிட்டு, கணவரிடம், "துன்ற எடத்துல இன்னா சண்டை, உடு" என்றார். அவர் விடவில்லை. திட்டிக்கொண்டே இருந்தார்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.